சொட்டாத நிப்பிளும் காய்ந்த கூளமும்

ஒருவழியாகக் கோழிக் கூண்டுக்குள் தரையில் பரப்பிய கூளம் காய்ந்துவிட்டது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் லேசாக ஒட்டி உடனே உதிர்கிறது, இதற்காகத்தான் இத்தனை பாடு. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், ஒட்டாமல் தூசி பறந்தால் ரொம்பவே வறண்டுவிட்டது. 20 முதல் 30 சதவீத ஈரம் என்று கணக்குச் சொல்வார்கள், அதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், இந்தப் பிடி போதும்.

தரை விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. கம்பிவலைத் தரையில் எச்சம் கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம், ஆனால் கனமான பெட்டைகள் நாள் முழுக்கக் கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகிச் சீழ் கட்டும். வெறும் மண்ணென்றால் எலி வளை தோண்டும். அதனால் அடியில் சிமெண்ட், மேலே 4 முதல் 6 அங்குலம் மரச்சீவல். மரத்தூள் வேண்டவே வேண்டாம், குஞ்சுகள் தீனி என்று கொத்தித் தின்னும், நனைந்தால் பாளமாக இறுகிவிடும்.

கெடுத்தது தண்ணீர்தான். கவிழ்த்து வைக்கும் தண்ணீர்க் குடுவையில் கோழிகள் கூளத்தைக் கிளறித் தள்ளும், குடித்துவிட்டு அலகை உதறும், அதைச் சுற்றி எப்போதும் ஒரு ஈர வட்டம். குனிந்தால் கண் எரிகிற அளவுக்கு அம்மோனியா. நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, ஈரக் கூளத்தில் அது அம்மோனியாவை இன்னும் கிளப்பித்தான் விடும். ரத்தக்கழிச்சல் கிருமிக்கு ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளே போதும், நோய் பரப்பத் தயாராகிவிடும். ஆக, எந்தக் கூளம் என்பதைவிட எந்தத் தண்ணீர்க்கலம் என்பதுதான் பெரிய கேள்வி.

பக்கவாட்டில் மாட்டும் நிப்பிளுக்கு மாறினேன், அதாவது கோழி கொத்தினால் மட்டும் தண்ணீர் விடும் சிறு முனை, கேனில் துளையிட்டுத் திருகுவது. அடியில் தொங்கும் வகையைக் கீழிருந்து கொத்தும்போது பாதித் தண்ணீர் தரைக்குப் போகிறது, பக்கவாட்டு வகையில் அது மிகவும் குறைவு. ஆனால் சொட்டாமல் மாட்டுவது ஒரு தனிக்கலை. என் நிப்பிளுக்கு 9 மி.மீ. துளை. ட்ரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும், வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகித் துளை கோணலாகும். அப்புறம் உள்ளும் புறமும் பிசிறைப் பிளேடால் வழித்தெடுக்க வேண்டும், மயிரிழை அளவு பிசிறு மிஞ்சினாலும் ரப்பர் வளையம் சரியாக உட்காராது. கையால் திருகி, வளையம் லேசாக நசுங்கும்போது நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும். வளைவான வாளியைவிடத் தட்டையான பக்கமுள்ள சதுரக் கேன் எவ்வளவோ மேல். பாசி பிடிக்காமல் இருக்க வெளிச்சம் ஊடுருவாத கேனாகவும் இருக்கட்டும்.

மூடியில் ஒரு காற்றுத் துளை கட்டாயம். அது இல்லாவிட்டால் கேன் நிறையத் தண்ணீர் இருந்தும் நிப்பிளில் வராது, கோழி கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். முட்டையிடும் பெட்டைக்கு நாளுக்குச் சுமார் கால் லிட்டர் வேண்டும், வெயில் காலத்தில் இரண்டு மடங்கு ஆகலாம், தண்ணீர் குறைந்தால் முட்டையும் குறையும். துளையில் கொசு நுழையாதபடி மெல்லிய வலை ஒட்டியிருக்கிறேன். கேனைச் சங்கிலியில் தொங்கவிட்டு நிப்பிளைக் கோழியின் தலை உயரத்துக்கு வைத்தேன், கூளம் உயர உயர ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கிக்கொள்ளலாம்.

நிப்பிள் வாங்கும்போது வளையத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். எனக்கு வந்த பொட்டலத்தில் பாதி வளையங்கள் கல் மாதிரி விறைத்திருந்தன, கேட்டதற்குப் பதிலே இல்லை. எல்லாவற்றையும் தனியாக வாங்கிய மெத்தென்ற வளையமாக மாற்றிய பிறகுதான் கசிவு நின்றது.

அடுத்து, வெளியே ஒரு டேங்க், மிதவை வால்வு, அரை அங்குலக் குழாய், அதில் வரிசையாக நிப்பிள். டேங்க் கண்டிப்பாகப் பிளாஸ்டிக்தான், அவ்வப்போது தண்ணீரில் வினிகர் கலப்பவன் நான், துத்தநாகம் பூசிய தகரத்தை அது அரித்துவிடும். கதவோரம் சீவல் சிந்தாமல் தடுக்கும் பலகையை இன்னும் அடிக்கவில்லை, மிதவை வால்வு மட்டும் அதற்குள் வாங்கியாகிவிட்டது.