ரெயின்கேஜ் பாட்டிலில் அடங்காத மழை

பழைய அணை ஒன்றின் உபரிநீர் போக்கி போதுமானதா என்று மறுபரிசீலனை செய்யும் வேலை. மழைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இருந்தது ஒரே ஒரு ரெயின்கேஜ், அதாவது மழைமானி. அதன் வரலாற்றிலேயே பெரிய மழை என்று பதிவாகியிருந்தது 200.0 மி.மீ.

மற்ற நாட்களில் எல்லாம் 37.4, 112.6 என்று தசமத்தோடு எழுதிய கை, அன்று மட்டும் முழு எண்ணை எழுதியிருந்தது. அது என்னை உறுத்தியது. 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மழைமானியில் 4 லிட்டர் பாட்டில் வைத்தால் சரியாக 200 மி.மீ.யில் நிரம்பிவிடும். நான் பார்த்தது அன்று பெய்த மழையின் அளவா, பாட்டிலின் கொள்ளளவா?

அந்தக் காலத்தில் அங்கே லஸ்கராக, அதாவது ஷட்டரையும் பதிவேட்டையும் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்தவர் ஓய்வு பெற்று அணைக்குப் பக்கத்து ஊரிலேயே இருந்தார். போய்க் கேட்டேன்.

"ராத்திரி முழுக்க ஷட்டர் மேலதான் தம்பி நின்னோம். ரெயின்கேஜ் பக்கம் யாரு போறது? காலையில எட்டரைக்குப் பார்த்தா பாட்டில் வழிஞ்சு நிக்குது. பாட்டில்ல இருந்ததை அளந்து எழுதினேன். அடியில நின்ன தண்ணி சேறும் தூசியுமா கிடந்துச்சு, கொட்டிட்டேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவர் ஷட்டரை விட்டு இறங்கியிருந்தால் பதிவேடு சரியாக இருந்திருக்கும், கரை இருந்திருக்குமா தெரியாது.

ஆனால் எங்கள் தொழிலில் இந்த ஓர் எண்தான் எல்லாம். பெரிய அணைகளுக்கு, அதாவது மொத்தக் கொள்ளளவு 6 கோடி கன மீட்டரைத் தாண்டியவற்றுக்கு, சாத்தியமான உச்சபட்ச வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்கிறது 1985-ல் வந்த இந்தியத் தரநிலை ஐ.எஸ். 11223. அந்த வெள்ளத்துக்கு முன்னால் சாத்தியமான உச்சபட்ச மழை, நாங்கள் சொல்லும் பிஎம்பி, வேண்டும். அதைக் கணிக்க, நடந்த புயல்மழைகளில் பெரியதை எடுக்கிறோம். அன்று காற்றில் இருந்த ஈரத்தோடு, அதே பருவத்தில் அங்கே இருக்கக்கூடிய அதிகபட்ச ஈரத்தை ஒப்பிட்டு, அந்த விகிதத்தால் மழையைப் பெருக்குகிறோம். பிறகு அந்தப் புயல் பக்கத்துப் படுகைகளில் பெய்திருந்தால் என்ன ஆகும் என்று, கணக்கில் அதை நகர்த்திப் பார்க்கிறோம். எவ்வளவு தூரம் நகர்த்தலாம், மலையைத் தாண்டலாமா என்பதில்தான் அனுபவமும் அச்சமும் வேலை செய்கின்றன. அடிப்படை எண்ணே குறைந்திருந்தால் மேலே கட்டுகிற அத்தனையும் குறையும்.

குறைத்து மதிப்பிட்டதன் விலை என்ன என்பதற்கு குஜராத்தின் மச்சு-2 அணை இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 11 அன்று, வடிவமைப்பில் எண்ணியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெள்ளம் வந்தது. கரைமேல் தண்ணீர் ஏறி, மண்கரை அரித்துக்கொண்டு போக, மோர்பி நகரம் மூழ்கியது. மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். அதே மாநிலத்தின் தென்கோடியில் தரம்பூரில் 1941-லேயே ஒரே நாளில் 987 மி.மீ. பெய்திருந்தது. அந்தப் புயலை வடக்கே எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்ற கேள்வியை மோர்பியை நினைக்காமல் என்னால் போடவே முடிவதில்லை.

அந்த 200-ஐ நான் விடவில்லை. லஸ்கர்கள் அன்றிரவு மணிக்கு மணி எழுதிய நீர்மட்டப் புத்தகம் பத்திரமாக இருந்தது. மட்டம் ஏறிய அளவையும் ஷட்டர் வழியாக விட்ட கன அடியையும் சேர்த்து, வந்த நீரைக் கணக்கிட்டு, நீர்ப்பிடிப்புப் பரப்பால் வகுத்தேன். ஓடி வந்த நீரே 200 மி.மீ.க்கு மேல் இருந்தது. மண் குடித்தது போக மிச்சம் அது! மலைமேல் கூடுதலாகப் பெய்திருக்கலாம், ரெயின்கேஜ் இருந்த இடத்தில் 200 தான் இருந்திருக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் வாதிட்டார். நியாயமான வாதம்தான். ஆனாலும் 200 என்பதை உச்சமாக ஏற்க நான் சம்மதிக்கவில்லை. அறிக்கையில் "200-க்குக் குறையாமல்" என்றே எழுதினோம். நீர்மட்டத்திலிருந்து கிடைத்த அளவை அடிப்படையாக எடுத்தோம்.

அந்த ரெயின்கேஜுக்கு 10 லிட்டர் பாட்டில் வைக்கவும் பரிந்துரைத்தேன். வைத்தார்கள்.

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மி.மீ. மலையே இல்லாத கடற்கரை ஊர் அது. செய்தியைக் கேட்டதும் நான் முதலில் கணக்குப் போட்டது எங்கள் பாட்டிலுக்குத்தான். 200 சதுர செ.மீ. வாய், 10 லிட்டர்: 500 மி.மீ.