பெரியம்மாவைப் பார்க்க வந்த மிஸ்ஸியும் நல இலாகா அதிகாரியும்

பக்கவாதம் வந்த பெரியம்மாவை மலேசியாவில் ஜெலுத்தோங்கில் உள்ள பிளாட்டுக்கு அழைத்து வந்த பிறகு, அவரை இரண்டு தரப்பினர் வந்து மதிப்பிட்டார்கள். ஒன்று, அரசாங்கக் கிளினிக்கின் வீட்டுப் பராமரிப்புக் குழு. சுகாதார அமைச்சு 2014-இல் தொடங்கிய சேவை இது. மருத்துவமனையிலிருந்தே எழுதிக் கொடுப்பார்கள், ஆனால் நோயாளியுடன் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். அக்கா வந்து தங்கிவிட்டதால் அது சரியாகிவிட்டது. இன்னொன்று, முதியோர் உதவித்தொகைக்காகச் சமூக நல இலாகா. முதல் கூட்டம் உடம்பைப் பார்க்கும், இரண்டாவது வரவு செலவைப் பார்க்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு அலைபவர்கள் நிறையப் பேர்.

மிஸ்ஸியும் (நர்ஸ்) பிசியோவும் (இயன்முறை சிகிச்சையாளர்) வருகிறார்கள் என்றதும் பெரியம்மா நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மக்சிக், சொந்தமாகச் சாப்பிடுவீர்களா?" என்றார் மிஸ்ஸி. மக்சிக் என்றால் மலாயில் பெரியவரை மரியாதையாக அழைப்பது.

"போலே." மலாயில் 'முடியும்' என்று அர்த்தம்.

"குளிக்க?"

"போலே, போலே."

மாடிப்படிக்கும் போலேதான். அக்கா பின்னால் நின்று 'இல்லை, இல்லை' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அனுபவசாலி. பேனாவை மூடிவிட்டு, "சரி, குளியலறையைக் காட்டுங்கள்" என்று எழுந்தார். பெரியம்மா கட்டிலை விட்டு எழ மூன்று முறை முயன்றார். வலது கை சுவரைத் தடவிக்கொண்டே போனது, இடது கால் செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. குளியலறை வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு திண்டு. அங்கே அக்கா பிடிக்காமல் ஒன்றும் நடக்கவில்லை.

அவர்கள் போடுவது பார்த்தெல் மதிப்பெண். சாப்பாடு, குளியல், உடை, கழிப்பறை, சிறுநீர்க் கட்டுப்பாடு, நடை, படி முதலான பத்து விஷயங்கள், மொத்தம் 100. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது: குளியலுக்கு அதிகபட்சம் 5, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15. பெரியம்மாவால் என்ன முடியும் என்பதை வைத்துப் போடுவதில்லை, தினமும் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான். நல்ல நாளில் ஒருதரம் தானாக எழுந்தது கணக்கில் வராது. அதனால் அவர்கள் வருவதற்கு முந்தைய சில நாள்கள் நடந்ததை, முக்கியமாக ராத்திரியில் நடந்ததை, ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேசினால் கோபம் வரும். தாளை நீட்டினால் வராது.

நல இலாகா அதிகாரி வந்தது வேறு மாதிரி. ஐசி (அடையாள அட்டை), பேங்க் புத்தகம், வாடகை ரசீது, மின்சார பில் எல்லாம் பார்த்தார். 60 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். தாங்கிப் பிடிக்கப் பிள்ளைகள் இல்லை, அல்லது இருந்தும் வசதியில்லை என்பது தெரிய வேண்டும். 2025-இல் தொகை மாதம் 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 ஆனது. என்னைப் பார்த்து மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. "என் பிள்ளை சம்பளம் இவருக்கு எதுக்கு?" என்று தமிழில் முணுமுணுத்தார். நல்லவேளை, அதிகாரிக்குப் புரியவில்லை. கேள்வி என்னவோ நியாயமானதுதான். உள்ளதைச் சொன்னேன். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள், அக்கம்பக்கத்திலும் விசாரிக்கலாம்.

கிளம்பும்போது அவரே ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) பற்றியும் சொன்னார். பக்கவாதம் என்றால் ஆறு மாதம் சிகிச்சை பார்த்த பிறகுதான் பதியலாம், பாரத்தில் டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்தப் பாரத்தை இப்போதே வாங்கி, அடுத்த கிளினிக் தேதி அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறோம்.