10-ஆ, 11-ஆ? தலை போன குறியீடுகளோடு மூன்று வாரம்

நேற்று மாலை 5 மணியிலிருந்து 5.30 வரை ஸ்கேனரில் போலீஸ் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து, காதில் விழுந்த 34 செய்திகளை எழுதிவைத்தேன். 29 சரி. போன மாதம் இதே அரை மணி நேரத்தில் பாதிகூடத் தேறவில்லை. அதனால் இன்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்று இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. நகரப் போலீஸின் ரேடியோவைக் கேட்கும் காலம் எங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தனிநபர் விவரங்கள் காற்றில் கேட்கக் கூடாது என்று கலிபோர்னியா நீதித்துறை 2020 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. அதைக் காட்டிப் பல ஊர்கள் வரிசையாக, வெளியாட்கள் கேட்க முடியாத குறியாக்கத்துக்குப் போய்விட்டன. பாலோ ஆல்டோ 2021 ஜனவரியில் மூடி, 2022 செப்டம்பரில் மனம் மாறித் திறந்தது. அந்த ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு மிச்சம் நெடுஞ்சாலை ரோந்துப் படை, அதாவது சி.எச்.பி. 40 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய லோ பேண்டில், அரதப்பழைய அனலாக் எஃப்எம்மில், இங்கே இன்னும் காதில் விழுகிறது. 880, 680, 237 என்று நான் தினமும் மாட்டிக்கொண்டு முழிக்கும் சாலைகள்தான் பேச்சு முழுக்க.

சி.எச்.பி.யைப் பிடித்துக்கொண்டதில் இன்னொரு லாபம், விடைத்தாள் கையிலேயே இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் சாலைச் சம்பவங்களை அவர்களே இணையத்தில் நிமிடக் கணக்கோடு போடுகிறார்கள், ரேடியோவில் சொல்லும் அதே குறியீட்டு எண்களோடு. 11-25 சாலையில் இடைஞ்சல். 11-82 மோதல், காயமில்லை. 11-83 மோதல், விவரம் தெரியவில்லை. 11-79 மோதல், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. 20002 என்பது வாகனச் சட்டப் பிரிவு, இடித்துவிட்டு ஓடியது. காதால் கேட்டு நேரத்தோடு எழுதிவைத்து, பிறகு பட்டியலோடு ஒப்பிட வேண்டியதுதான். வண்டிகளை நிறுத்தி உரிமம் கேட்பது மாதிரியான வேலைகள் அதில் வராது. அவற்றைப் பேச்சின் போக்கை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இணையத்தில் சுற்றும் பொதுவான 10-குறியீட்டுப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். பொதுப் பட்டியலில் 10-13 என்றால் வானிலை, சாலை நிலவரம். நியூயார்க் போலீஸில் 10-13 என்றால் போலீஸ்காரர் ஆபத்தில் இருக்கிறார், எல்லோரும் ஓடி வாருங்கள். 2005இல் கத்ரீனா புயலின்போது பல ஊர்ப் படைகள் ஒரே இடத்தில் வந்து நின்றன. அடுத்த ஆண்டிலிருந்து, பல துறைகள் சேரும் சம்பவங்களில் எண் வேண்டாம், எளிய ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று மத்திய அரசு மானியத்தோடு முடிச்சுப் போட்டதற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான். அன்றாட வேலையில் மட்டும் எண்கள் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சரி, என் தலைவலிக்கு வருகிறேன்.

சி.எச்.பி. 10-ஐயும் 11-ஐயும் சேர்த்தே புழங்குகிறது. 10-97 வந்து சேர்ந்தேன். 10-98 கையிலிருந்த வேலை முடிந்தது. ஆனால் 11-98 என்றால் இன்ன இடத்தில் இன்னாரைச் சந்தி. ஆக, முன்னால் வரும் 'டென்'னா 'லெவன்'னா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணினியில் பிடித்துவைக்கும் என் ஒலிப்பதிவில் விழாத பகுதியும் மிகச் சரியாக அதுவேதான்.

முதல் வாரம் என் நோட்டில் 'வன் நைன்ட்டி-எய்ட்' என்று நாலு இடத்தில் இருக்கிறது. 198. எந்தப் பட்டியலிலும் இல்லை. தண்டனைச் சட்டத்தில் 187 கொலை என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். 198 அதற்குப் பக்கத்து வீடு ஆயிற்றே என்று எடுத்துப் பார்த்தால், பயந்தேன் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கொன்றது நியாயமாகிவிடாது என்கிற பிரிவு. 880 நெடுஞ்சாலையில் மாலை ஐந்து மணிக்கு நாலு தடவையா? வயிறு கலங்கிவிட்டது. பிறகு பார்த்தால் அது 'இலெவன் நைன்ட்டி-எய்ட்'. 'இலெ' போய் 'வன்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெட்ரோல் பங்க் வாசலில் இழுவை வண்டிக்காரரைப் போய்ப் பார் என்பதைத்தான் நான் கொலைக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

'டென்' என்றால் மொத்தமாகவே போய்விடும், வெறும் 'நைன்ட்டி-எய்ட்'. 'லெவன்' என்றால் வால் மட்டும் மிஞ்சும். இதையே விதியாக வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். சில நாள் சரியாக வந்தது, சில நாள் காலை வாரியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 10 என்ற அந்த முன்னொட்டே தின்னப்படுவதற்காக வைத்த தீனிதான். 1937இல் இல்லினாய் மாநிலப் போலீஸின் தகவல்தொடர்பு இயக்குநர் சார்லஸ் ஹாப்பர் இந்த முறையைத் தொடங்கியபோது, வண்டியிலிருந்த ஒலிபரப்பிக்கு மின்சாரம் கொடுத்தது மோட்டாரும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஒரு சுழலி. பொத்தானை அமுக்கியதும் அது வேகம் பிடிக்கக் கால் நொடி வரை ஆகும், அதற்குள் முதல் அசை காற்றோடு போய்விடும். அதனால் போனால் போகட்டும் என்று முன்னால் ஒரு 'டென்'. பாயசத்துக்கு முன்னால் காக்கைக்கு வைத்த சோறு மாதிரி. பிறகு கலிபோர்னியாக்காரர்கள் 10 பற்றாமல் 11-ஐயும் சேர்த்துக்கொண்டதில், காக்கைக்கு வைத்த சோற்றிலேயே பொருளை ஒளித்துவைத்தது போல ஆகிவிட்டது.

சரி, அந்தச் சுழலிகள் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. என் வீட்டில் முதல் அசையைத் தின்பது யார்? மூன்று பேர்.

முதல் ஆள் ஸ்கேனிங். பன்னிரண்டு சேனலில் சுற்றிக்கொண்டிருந்தால் திரும்பி வருவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரே சேனலில் ஹோல்ட் போட்டேன், கொஞ்சம் தேறியது.

இரண்டாவது, டோன் ஸ்குவெல்ச், அதாவது இன்ன தொனி வந்தால்தான் ஒலியைத் திறந்துவிடும் வசதி. குரலுக்கு அடியில் ஓடும் அந்த சிடிசிஎஸ்எஸ் தொனி 67இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி. அது இன்ன தொனிதான் என்று கருவி முடிவுக்கு வரச் சில அலைகளாவது ஓடித் தீர வேண்டும், கால் நொடி அதிலேயே போய்விடுகிறது. இது எந்தக் கருவிக்கும் உள்ளதுதான். என் யூனிடன் பிசி125ஏடி ஸ்கேனரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த விலைக்கு அது தங்கம்.

மூன்றாவதுதான் திருடன். கணினியில் குரல் கேட்டால் மட்டும் பதிவு செய்யும் வசதியைப் போட்டு வைத்திருந்தேன். வட்டில் இடம் மிச்சம் பிடிக்கும் புத்திசாலித்தனம்! குரல் வந்த பிறகுதான் அது கண்விழிக்கிறது. முதல் இரண்டு பேரைச் சரிசெய்த பிறகும் 'வன் எய்ட்டி-த்ரீ' வந்துகொண்டே இருந்தது இதனால்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இப்போது, பேச்சில்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிட்டு, இரைச்சலோடு சேர்த்து எல்லாவற்றையும் நிறுத்தாமல் பதிகிறேன். 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. மணிக்கு 58 எம்பிதான் ஆகிறது, இதற்காகவா கஞ்சத்தனம் செய்தேன்! அலைவடிவத்தைத் திரையில் விரித்தால் கண்ணாலேயே பிடிக்கலாம். தடித்த புல் மாதிரி ஓடும் இரைச்சல், அலை வந்ததும் சட்டென்று ஒட்ட வெட்டினாற்போல மெலியும். அங்கிருந்து ஒரு சின்ன இடைவெளி, பிறகு குரல். அந்த இடைவெளிக்கு அடுத்து ஒற்றை மேடு வந்தால் 'டென்'. மேடு, மேடு, மேடு என்று உருண்டால் 'இலெவன்'. காதுக்குச் சந்தேகம் வந்தால் கண் சொல்லிவிடுகிறது.

ஆனால் ஸ்குவெல்ச்சைத் திறந்தால் வீட்டு இரைச்சல் எல்லாம் உள்ளே வருமே. வந்தது. 42 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி ஒரே 'ஙொய்' சத்தம். சர்க்யூட் பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். ஹால் பிரேக்கரில் சத்தம் நின்றது. கையில் ஸ்கேனரோடு ஹாலை ஒரு சுற்று வந்தால், சாமி அலமாரி பக்கத்தில் உச்சத்துக்குப் போகிறது. ஊரிலிருந்து வந்த எல்இடி மாலை, அதன் நுனியில் தீப்பெட்டி அளவு அடாப்டர்.

"அம்மா, அந்த விளக்கை ஒரு அரை மணி நேரம் அணைச்சு வைக்கிறேன்மா."

"அணைக்கிறேன்னு சொல்லாதடா, குளிர வைக்கிறேன்னு சொல்லு."

"அது கரண்ட் மாலைம்மா!"

"எதுவா இருந்தா என்ன, சாமிக்குப் போட்டதுதானே."

குளிர வைக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. ஆக, கம்பி வழியே கசியும் ரேடியோ இரைச்சலை அமுக்கும் ஃபெரைட் வளையம். 31ஆம் வகை, உள்வட்டம் பெரியது, அடாப்டர் கம்பியை எட்டுச் சுற்றுச் சுற்றி அலமாரிக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். கணினியோடு சேர்ந்து இயங்கும் எஸ்டிஆர் ரேடியோவின் திரையில் இரைச்சல் மட்டம் 12 டெசிபல் இறங்கியது. வளையம் வாங்கும்போது வகை எண் போடாத பொட்டலத்தை வாங்காதீர்கள். முதலில் அப்படி ஒன்று வாங்கினேன், பத்து வளையம், பத்தும் வெறும் கறுப்பு அலங்காரம். ஃப்ரைஸ் மின்னணுக் கடைகள் 2021இல் மூடிய பிறகு கையில் தொட்டுப் பார்த்து வாங்கும் இடங்கள் இங்கே குறைந்துவிட்டன. டி ஆன்ஸா கல்லூரி வாகன நிறுத்தத்தில் விடியற்காலையில் டார்ச் வெளிச்சத்தில் பேரம் பேசிய பழைய மின்னணுச் சந்தை நாட்களை நினைத்தால் பெருமூச்சுதான்.

இத்தனைக்கும் பலன் நேற்று. 5.11க்கு வடக்கு 880, டிக்சன் லேண்டிங்குக்குச் சற்றுத் தெற்கே 11-25, 2ஆம் லேனில் ஏணி. (இங்கே லேன் எண்ணிக்கை நடுத்தடுப்பிலிருந்து தொடங்கும், 1 என்றால் வேகமாகப் போகும் லேன்.) 5.19க்கு 10-97. 5.24க்கு 10-98. மூன்றும் தலையோடு, முழுசாக. பட்டியலிலும் அதே வரிசை. ஏணி, மெத்தை, சோபா இவையெல்லாம் இந்த ஊர் நெடுஞ்சாலையில் எத்தனை விழுகின்றன என்று கேட்கத் தொடங்கினால்தான் தெரியும். இப்போது அம்மாவே அடுப்படியிலிருந்து "ஏணியை எடுத்தாச்சா?" என்று கேட்கிறார்.

தவறிய ஐந்தில் மூன்று, 11-82ஆ 11-83ஆ என்ற சந்தேகம். கட்டுப்பாட்டு அறையின் குரல் மலைக் கோபுரத்திலிருந்து கணீரென்று வருகிறது, வண்டியிலிருந்து வருவதுதான் கிசுகிசு. இன்னொன்று மிஷன் பொலிவார்ட். ஃப்ரீமான்ட்டில் 680இல் அந்தப் பெயரில் இரண்டு வெளிவழி இருக்கிறது, நான் தப்பானதை எழுதிவிட்டேன். ஐந்தாவதில் பேசியவர் தும்மிவிட்டார், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கலிபோர்னியாவில் வீட்டில் உட்கார்ந்து கேட்பது குற்றமில்லை, குற்றம் செய்ய அதைப் பயன்படுத்தினால்தான் சிக்கல். இந்தியாவில் கதை வேறு, உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதையே 1933 சட்டம் தடுத்தது. மைக்கில் போலீஸ் பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டு கணினியில் செருகும் ஆர்டிஎல் ரேடியோ டாங்கிளோடு வம்பில் மாட்டாதீர்கள்.

வண்டிக் குரலுக்காக இப்போது கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளம். 75ஐ 42ஆல் வகுத்தால் 1.79 மீட்டர், கம்பிக்காக 5 சதவீதம் கழித்தால் 1.70. கம்பியை வெட்டி பால்கனியில் மேலிருந்து கீழாகக் கட்டியாயிற்று. கோஆக்ஸ் கேபிளை இன்னும் பற்றவைக்கவில்லை, ஸ்கேனரில் மாட்டும் பிஎன்சி இணைப்பியில் ஆண் முனை கேட்டதற்குப் பெண் முனை வந்திருக்கிறது. சரியானது வர வெள்ளிக்கிழமை ஆகும். அதுவரை அம்மா அதில் துண்டு காயப்போட்டிருக்கிறார்.