தெமியார்களின் வேர்: தாய்வழி டிஎன்ஏவில் தேடிப் பார்த்தது

கொஞ்ச நாளாக வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் இதுதான் ஓடுகிறது, மலேசியத் தீபகற்பத்தின் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் தாய்வழி டிஎன்ஏ. பேராக்கில் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதில் ஆர்வம் வராவிட்டால்தான் ஆச்சரியம், லாசா பக்கமிருந்து இறங்கி வரும், ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவான தெமியார்களிடம் பெத்தாய்க் காய் வாங்காத வீடு இங்கே குறைவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிஎன்ஏ சோதனைக்கென்று யாரிடமும் போய் எச்சில் கேட்கவில்லை, அது நம் வேலையும் இல்லை. ஆய்வாளர்கள் ஜென்பேங்க் என்ற இணையத் தரவுத்தளத்தில் பொதுவில் போட்டிருக்கும் டிஎன்ஏ வரிசைகளை மட்டும் இறக்கிக்கொண்டேன்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டும் வருவது, அதனால் அம்மா, அம்மாவின் அம்மா என்று ஒரே கோட்டில் பின்னால் போகலாம். 1981-இல் கேம்பிரிட்ஜில் படித்தெடுத்து 1999-இல் திருத்திய வரிசை ஒன்று இருக்கிறது, 1 முதல் 16,569 வரை எண் போட்டது. அதோடு ஒப்பிட்டு எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். இதில் 3107-ஆம் இடம் காலி! பழைய வரிசையில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது, அதை எடுத்தால் பின்னால் வரும் எண்ணெல்லாம் நகர்ந்துவிடும் என்று இடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒப்பிடும்போது அங்கே ஏதோ மாறியிருப்பதாகக் காட்டும், கண்டுகொள்ளக் கூடாது.

நான் முதலில் தேடியது 16108, 16129, 16162, 16172, 16304 ஆகிய இடங்களை. ஐந்தும் சேர்ந்து மாறியிருந்தால் அது எஃப்1ஏ1ஏ என்ற தாய்வழிக் கிளை. தெமியார், செமாய் அடங்கிய செனோய் மக்களிடம் இது நிறைய, தாய்லாந்து, வியட்நாம் பக்கமும் உண்டு. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து நின்றபோது, சும்மா சொல்லக்கூடாது, எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன்.

இன்னொரு பக்கம் எம்21, ஆர்21 கிளைகள். ஓராங் அஸ்லியில் இன்னொரு பிரிவான செமாங் மக்களிடம் அதிகம் காணும், தீபகற்பத்தில் ரொம்பப் பழைய கிளைகள். "எம் நம்ம ஆளுங்களுக்கும் இருக்குல்ல தம்பி, அப்ப சொந்தக்காரங்கதான்" என்றார் கடையில் ஓர் அண்ணன். இருக்கிறது, எம் என்பது எம்21-க்கும் தாயான பெரிய கிளை, இந்தியாவில் பாதிக்கு மேல் அதுதான், ஆனால் அந்தப் பொதுத் தாய் ஐம்பதாயிரம் ஆண்டுக்கும் அப்பால். நம் தென்னிந்தியப் பக்கத்து எம்2-வின் பிள்ளை எம்2ஏ, எம்21 வேறு கிளை. எண்ணைப் பார்த்து உறவு கொண்டாடினால் வம்புதான்.

2006-இல் கேத்தரின் ஹில் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் எல்லாம் ஓர் இடத்தில் சேர்ந்தது. செனோய் தாய்வழிகளில் ஏறக்குறைய பாதி, செமாங் மக்களின் மூதாதையரிடமிருந்து வந்தது. மறுபாதி இந்தோசீனாவிலிருந்து, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் விவசாயத்தோடும் ஆஸ்ட்ரோ ஆசிய மொழியோடும் வந்தவர்களுடையதாக இருக்கலாம் என்கிறார்கள். ஆக, தெமியார் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில், வரவே இல்லை, இங்கேயேதான் இருந்தார்கள். மொழியை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் ஒத்துவராது, பழைய தாய்வழி கொண்ட செமாங் மக்களும் பேசுவது அதே குடும்பத்து மொழிதான்.

அடுத்து ஓராங் அஸ்லியின் மூன்றாம் பிரிவான மெலாயு புரோத்தோ, அங்கே காணும் என்21, என்22 கிளைகள். அப்பா வழி என்னாச்சு என்று யாரும் கேட்காதீர்கள், அதற்கு ஒய் குரோமோசோம் வேண்டும், அது இந்த 16,569-இல் அடங்குகிற சமாச்சாரம் இல்லை.