புள்ளியை இழக்காமல் ஓர் இலச்சினையை மீட்டெடுத்தல்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பெயர்ப்பலகை 2009 போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பையில் வைத்து ஒருவர் காப்பாற்றிக் கொண்டுவந்த விளையாட்டுப் போட்டிச் சான்றிதழில் மட்டுமே நிலையத்தின் இலச்சினை இருந்தது. அத்தாளையும் பின்னர் கறையான் அரித்துவிட, கைபேசியில் எடுத்த ஒளிப்படத்தில் 280 பிக்சல் அகலத்தில் அது எஞ்சியது: ஒரு வட்டம், உள்ளே குளக்கட்டும் பாலை மரமும், சுற்றிவர நிலையத்தின் பெயர். இதைப் பதாகையில் பெரிதாக அச்சிட, வெக்டர் கோப்புத் தருமாறு, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காதபடி கோடுகளாகச் சேமித்த படத்தைத் தருமாறு, அச்சகத்தார் கேட்டார்கள்.

இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் உள்ள ட்ரேஸ் பிட்மேப் வசதி, பீட்டர் செலிங்கர் எழுதிய பொட்ரேஸ் நிரலைக் கொண்டு, கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லைகளை வளைகோடுகளாக மாற்றித் தருகிறது. ஒளிப்படத்தை நேரே அதற்குக் கொடுத்தபோது, 'நிலையம்' என்பது 'நிலையம' என்று வந்தது. தூசியென்று கருதிச் சிறு புள்ளிகளை நீக்கும் ஸ்பெக்கிள்ஸ் என்ற அமைப்பு, இரண்டு பிக்சல் அளவுக்கு மங்கியிருந்த மெய்யெழுத்தின் புள்ளியையும் நீக்கியிருந்தது. தமிழ் இலச்சினையை மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த அமைப்பை நிறுத்தினால் புள்ளி திரும்பும். படத்தின் அழுக்குகளும் கூடவே வரும். ஆகவே கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் படத்தை நீளம், அகலம் இரண்டிலும் நான்கு மடங்காகப் பெரிதாக்கி, அழுக்குகளைக் கையால் அழித்து, சாம்பல் நிறங்களை நீக்கும் திரெஷோல்ட் வசதி மூலம் தனிக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பரப்பு 16 மடங்கானதால் புள்ளி ஏறத்தாழ 32 பிக்சல் கொண்டதாகிப் பிழைத்துக்கொண்டது.

மரத்தின் ஒழுங்கற்ற விளிம்புக்கு இந்தத் தானியங்கி முறை நன்றாகவே பொருந்தியது. வட்டம் நெளிந்து வந்ததால் அதை நீக்கிவிட்டு, வட்டக் கருவியால் புதிதாக வரைந்தேன்.

எழுத்துகளுக்குத்தான் இரண்டு இரவுகள் சென்றன. யூனிகோட் எழுத்துருவில் பெயரைத் தட்டச்சு செய்துவிடலாமென்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகை எழுதிய ஓவியர் 'லை'யைப் பழைய முறையில், மேலே தும்பிக்கை போல் வளைத்து எழுதியிருந்தார். தமிழக அரசு 1978 இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தோடு அச்சிலிருந்து மறையத் தொடங்கிய அந்த வடிவம், இன்று வழக்கிலுள்ள பெரும்பாலான எழுத்துருக்களில் இல்லை. எனவே ஒளிப்படத்தைப் பூட்டிய அடுக்கில் வைத்து, வளைகோடுகள் வரைய இன்க்ஸ்கேப்பில் உள்ள பெசியர் பேனாவால் ஒவ்வோர் எழுத்தையும் அதன்மேல் வரைந்தேன். வளைவுகள் திரும்பும் இடங்களில் மட்டும் கணுக்களை, அதாவது கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, வைத்தால் கோடு ஓவியரின் தூரிகையைப் போலவே ஓடுகிறது. கணுக்கள் கூடினால் நடுங்குகிறது.

அச்சகத்துக்குப் பீடிஎஃப் கோப்பை அனுப்பினேன். திருத்தக்கூடிய எஸ்விஜி வெக்டர் மூலக்கோப்பு நிலையத்தின் கணினியில் இருக்கிறது. பிரதி வேண்டிய ஊரவர்கள் அங்கே பெற்றுக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் பகிரும்போது, தரம் குறையாதிருக்க, படமாக அல்லாமல் ஆவணமாகவே அனுப்புங்கள்.