பதினாறு கட்டமும் ஏழு அட்சரமும்

போன சித்திரையில் ஒரு சாயங்காலம். அம்மன் கொடைக்குப் போட வேண்டிய பாட்டு ஒன்றுக்கு மெட்டு பார்க்க, ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடிக்கு வந்திருந்தார். கணினியோடு இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்டை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, நான் குனிந்து மைக் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "சும்மா தொட்டுப் பாக்கேன் தம்பி" என்று விரலை ஓடவிட்டார். புன்னாகவராளி ராகம். நாலே வரிதான். ஒயரை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"அண்ணாச்சி, இதையே இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார், வரவில்லை. மறுபடி முயன்றார், வேறு எதுவோ வந்தது. "அது போயிட்டுல்லா. இனி எங்க வரும்?" என்று கையை எடுத்துவிட்டார்.

ரெக்கார்டு பட்டனை நான் அமுக்கவே இல்லை. ஆனால் நான் பாட்டுக் கட்டும் எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவுக்குள் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ரெக்கார்டு போட்டாலும் போடாவிட்டாலும் கீபோர்டில் விழும் ஒவ்வொரு சுரத்தையும் அது தன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டே இருக்கும். கடைசி இத்தனை நிமிடம் என்று கேட்டால், வாசித்ததை எல்லாம் ஒரு பேட்டர்னுக்குள், அதாவது சுரங்களை அடுக்கும் ஒரு துண்டுக்குள், கொட்டிவிடும். டம்ப் ஸ்கோர் லாக் என்று பெயர். கொட்டினேன். நாலு வரியும் வந்து உட்கார்ந்திருந்தது. தன் விரல் வாசித்ததைத் தானே கேட்ட அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத அழிச்சிராத" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே இந்த மென்பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். கொடைப் பாட்டு, வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு, குறும்படத்துக்குப் பின்னணி என்று என் பிழைப்பு முழுக்க இதற்குள்தான் நடக்கிறது.

2009-ல் தொடங்கினேன். அப்போது பதிப்பு 9. காசு கிடையாது, அதனால் டெமோ. அந்த டெமோவில் எல்லாமே வேலை செய்யும், பாட்டைச் சேமிக்கவும் செய்யலாம், வேவ் என்ற ஒலிக் கோப்பாக வெளியே எடுக்கவும் செய்யலாம். சேமித்த ப்ராஜெக்டை, அதாவது பாட்டின் வேலைக் கோப்பைத் திரும்பத் திறப்பது மட்டும் முடியாது. ஆக, ஒரு பாட்டை ஒரே உட்காரலில் முடித்தாக வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் வேவ் எடுத்துவிட வேண்டும். முக்கால்வாசியில் நின்றுபோன பாட்டுகளையும் சேமித்துக்கொண்டே வந்தேன். காசு கட்டி வாங்கிய பிறகு அவை திறக்கும் என்று போட்டிருந்தார்கள். அதை நம்பினேன்.

2013-ல், மஸ்கட்டில் இருந்த மச்சான் தன் கார்டில் கட்டி, ப்ரொட்யூசர் பதிப்பை வாங்கித் தந்தார். அது பதிப்பு 11. அன்றைக்கு உட்கார்ந்து நாலு வருஷத்துப் பாதிப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். திறந்தன. அதற்குப் பிறகு 12 வந்தது, 20 வந்தது, 21 வந்தது, இப்போது வருஷத்தையே பதிப்பு எண்ணாக வைக்கிறார்கள். ஒன்றுக்கும் நான் மேற்கொண்டு ஒரு ரூபாய் கட்டவில்லை. ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதுப்பிப்பு இலவசம் என்பது இவர்கள் கொள்கை. மாதச் சந்தா இல்லாமல் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்ட காலத்தில், சிற்றூரில் ஒலிப்பதிவு வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

பெல்ஜியத்தில் இமேஜ்-லைன் என்ற நிறுவனத்துக்காக டிடியே டாம்ப்ரான் என்பவர் 1997 டிசம்பரில் வெளியிட்டது இது. அப்போது பெயர் ஃப்ரூட்டிலூப்ஸ். 2003-லிருந்துதான் எஃப்எல் ஸ்டுடியோ. பிறந்தபோது அது வெறும் தாளப்பெட்டி: ஒரு வரிசையில் பதினாறு கட்டம், வேண்டிய கட்டத்தை அமுக்கினால் அடி விழும். இன்றைக்கும் வாத்தியங்கள் வரிசையாக நிற்கும் சேனல் ரேக்கைத் திறந்தால் அந்தப் பதினாறு கட்டம்தான் முதலில் நிற்கிறது. இதன் பலமும் நான் மல்லுக்கட்டுகிற இடமும் இரண்டுமே அந்தக் கட்டங்களில் இருந்துதான் வருகின்றன.

பதினாறு கட்டம் நாலுநாலாக எண்ணுகிற இசைக்குச் செய்தது. நம் கொடைப் பாட்டு அப்படி நிற்காது. தொகையறா தாளமே இல்லாமல் போகும், பல்லவி மிஸ்ர சாப்பில் விழும், சாமி வரும் இடத்தில் உருமி வேறு கணக்குக்குத் தாவும். 'தகிட தகதிமி' என்ற ஏழு அட்சரத்தைப் பதினாறு கட்டத்துக்குள் எப்படி வைப்பது? ப்ராஜெக்ட் முழுவதற்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்ள அப்போதே வழி இருந்தது. பாட்டின் நடுவே மாற்றத்தான் வழியில்லை. அதனால் ஏழில் ஒரு ப்ராஜெக்ட், எட்டில் ஒரு ப்ராஜெக்ட் என்று தனித்தனியாகச் செய்து, இரண்டையும் வேவாக எடுத்து, இதற்குள்ளேயே இருக்கும் எடிசன் என்ற ஒலி எடிட்டரில் ஒட்டுவேன். ஒட்டிய பிறகு பல்லவியில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், திரும்ப முதலில் இருந்து.

2018 மே மாதம் பதிப்பு 20 வந்தது. பன்னிரண்டிலிருந்து நேரே இருபது, ஏனென்றால் இருபதாம் ஆண்டு. மேக் கணினிக்கு வந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். நான் பார்த்தது வேறு. பாட்டின் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பிளேலிஸ்டில் வேண்டிய இடத்தில் ஒரு குறி போட்டு, இங்கிருந்து ஏழு, இங்கிருந்து எட்டு என்று சொல்லலாம் என்று வந்துவிட்டது. அந்த வாரம் பழைய பாட்டு ஒன்றை எடுத்து, ஒட்டுப்போட்ட இடமே இல்லாமல் முழுதாக மறுபடி கட்டினேன். யாரும் கேட்கவில்லை, எனக்காகச் செய்தேன்.

வேகம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. புது ப்ராஜெக்டைத் திறந்ததும் மேலே 130 என்று ஒரு எண் நிற்கும், நிமிடத்துக்கு இத்தனை அடி என்று கணக்கு. பாடுகிறவர் அந்த எண்ணுக்குள் வர வேண்டும். வில்லுப்பாட்டுக்காரர் கதை சூடுபிடிக்கப் பிடிக்க வேகம் ஏற்றுவார், அதுதான் அவர் வித்தை. அந்த ஏற்றத்தை, நேரத்தோடு மாறும் அளவுகளை வரையும் ஆட்டோமேஷனில் கோடு கோடாக வரைவதற்குள் எனக்கு விடிந்துவிடும். அதனால் நீளமான வில்லுப்பாட்டை நான் இதில் பதிவதில்லை. அதற்கு ரீப்பர் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருள். நாற்பது நிமிடம் ஓடவிட்டு, மூன்று டேக்கில் நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்க்க அதுதான் கைக்கு வசதி. முடிந்ததும் வேவை இங்கே கொண்டுவந்து மற்ற வேலைகளைச் செய்வேன்.

புதிதாகப் படிக்க வரும் பையன்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். மற்ற மென்பொருள்களில் ஒரு டிராக் என்றால் அதற்கென்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் ஒரு இடம் தானாக இருக்கும். இதில் சேனல் வேறு, பிளேலிஸ்ட் டிராக் வேறு, மிக்ஸர் டிராக் வேறு. மூன்றையும் நாம்தான் முடிச்சுப்போட வேண்டும். "தவில் ஃபேடரை இறக்கினேன், சத்தம் குறையலையே அண்ணே" என்று கேட்காத பையன் இல்லை. பழகிவிட்டால் இந்தச் சுதந்திரம் பிடித்துப்போகும். ஒரே வரிசையில் உருமி, அதற்குப் பக்கத்திலேயே குரல், அதற்கடுத்து ஆட்டோமேஷன் என்று எதையும் எங்கேயும் வைக்கலாம்.

இனி பியானோ ரோல், சுரங்களை எழுதும் பலகை. இதைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. இடது பட்டனில் சுரம் விழும், வலது பட்டனில் அழியும், அவ்வளவுதான். அதே பேட்டர்னில் இருக்கும் மற்ற வாத்தியங்களின் சுரங்கள் பின்னால் நிழலாகத் தெரியும். அதைவிட முக்கியம் ஸ்லைடு நோட். ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதே நிறத்தில் ஒரு ஸ்லைடை வேறு சுரத்தில் வைத்தால், முதல் சுரம் அங்கே இழைந்து போகும். ஸ்லைடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும். யாருக்காக இதைச் செய்தார்களோ தெரியாது, எனக்கு இது, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தை எழுதும் எழுத்தாணி.

அண்ணாச்சியின் நாலு வரியை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஆர்மோனியக் கை என்பதால் சுரங்கள் படிக்கட்டாகத்தான் வந்திருந்தன. புன்னாகவராளியின் காந்தாரத்தைப் படிக்கட்டாக விட்டால் ராகமே செத்துப்போகும். ரிஷபத்திலிருந்து ஏறவைத்து, மத்யமத்தைத் தொட்டும் தொடாமலும் திருப்பி, ஒரே காந்தாரத்துக்கு ஐந்து ஸ்லைடு வைத்தேன். எழுதிக் கேட்டு, அழித்து, நீளத்தை இம்மி இம்மியாகக் குறைத்து, திரும்பக் கேட்டேன்.

இங்கேதான் அந்தச் சுவர் வரும். ஸ்லைடு நோட் இந்த மென்பொருளின் சொந்த வாத்தியங்களுக்கு மட்டும்தான். வெளியில் வாங்கிச் சேர்க்கும் விஎஸ்டி என்ற மென்பொருள் வாத்தியங்கள் அதற்குக் கட்டுப்படாது. நல்ல நாதசுர ஒலி வெளியில் கிடைக்கும், அதில் இழைக்க முடியாது. இழைக்கிற வசதி உள்ளே இருக்கிறது, அதில் நாதசுரம் இல்லை. அதனால் தெரிந்த நாயனக்கார மாமா ஒருவரிடம் சொல்லி, ஒவ்வொரு சுரத்தையும் நீளமாக ஊதச் சொல்லிப் பதிந்து, பதிந்த ஒலியை வாத்தியமாக வாசிக்கும், உள்ளேயே இருக்கும் சாம்ப்ளர் சேனலில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஸ்லைடு அதில் வேலை செய்கிறது. ஆனால் மூன்று சுரத்துக்கு மேல் இழுத்தால், வாயில் வைத்து ஊதும் சீவாளியின் காரல் மெலிந்து, பொம்மைக் குழல் மாதிரி ஆகிவிடும்.

விஎஸ்டி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2016-ல் கொடைச் சம்பளத்தை மிச்சம் பிடித்து ஒரு தாள வாத்தியத் தொகுப்பு வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் கடையை மூடியதோடு, அனுமதி தரும் சர்வரும் போய்விட்டது. புது லேப்டாப்பில் அது எழுந்திருக்கவே இல்லை. எனது பதினோரு பாட்டில் தவிலும் பம்பையும் இருந்த இடம் இப்போது காலி. அதற்குப் பிறகு ஒரு பாட்டு முடிந்தால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவாக எடுத்துவிட்டு, ப்ராஜெக்டை அதன் சாம்பிள்களோடு ஒரே ஜிப்பாகக் கட்டி இரண்டு ஹார்டு டிஸ்கில் வைக்கிறேன். இதைப் படிக்கிற தம்பிமாரும் அப்படியே செய்யுங்கள்.

மூன்று ராத்திரி வேலையை அண்ணாச்சியிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "எல்லாம் வந்திருக்கு தம்பி. ரெண்டாவது வரில அந்தக் காந்தாரம் மட்டும் இன்னும் கொஞ்சம் யோசிச்சு எறங்கணும்." எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதற்கு மில்லிசெகண்டில் கணக்கு இல்லை.

அடுத்த வாரம் நாயனக்கார மாமாவையே வரச்சொன்னேன். ஹெட்போனில் என் ஸ்லைடு வடிவத்தைக் கேட்டார், ஒரு வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார், ஒரே டேக். கொடையில் ஒலித்தது அதுதான்.

என் ஸ்லைடு டிராக்கை ப்ராஜெக்டில் மியூட் செய்து வைத்திருக்கிறேன். அதற்கு மேலே, அண்ணாச்சியின் விரல் விழுந்த அந்தப் பேட்டர்ன், ஒரு சுரமும் மாற்றாமல், அவர் பெயரிலேயே இருக்கிறது.