ஜப்பானில் தலையாட்டும் முன்

உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டி "இங்கே வா" என்று கூப்பிடுகிறோமே, அது ஜப்பானிலும் அப்படியே உண்டு. ஐரோப்பியர்களுக்கு அது போகச் சொல்வதுபோல் தெரியும். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. நாம் சறுக்குவது, இப்படிப் பழகியதாகத் தெரிகிற மற்ற இடங்களில்தான்.

செருப்பு கழற்றுவதையே பாருங்கள். வீட்டு வாசலை அடுத்துத் தாழ்வாக ஓர் இடம் இருக்கும், கென்கான் என்பார்கள். ஷூவை அங்கே கழற்றிவிட்டு, அந்தத் தரையில் கால் படாமல் நேரே மேலே ஏற வேண்டும். சாக்ஸோடு கீழே மிதித்தால் வெளி அழுக்கு வீட்டுக்குள் வந்ததாகக் கணக்கு. ஏறியபின் குனிந்து, ஷூவின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். உள்ளே போட ஸ்லிப்பர் தருவார்கள். தத்தாமி பாய் பதித்த அறைக்கு வந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: அதோடேயே கூடம் வரை வந்துவிடுவார்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கண் மட்டும் ஒரு நொடி காலுக்குப் போய்வரும். (ஓட்டை சாக்ஸை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.)

அடுத்தது தலை. பக்கவாட்டில் லேசாகச் சாய்த்தால் நமக்கு "சரி". அங்கே தலை சாய்ந்தால் சந்தேகம், புரியவில்லை என்று பொருள். கடைக்காரர் "பை வேண்டுமா?" என்று கேட்கும்போது நம் பாணியில் ஆட்டினால், பாவம், இன்னொரு தடவை கேட்பார். மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தால் போதும். அவர்கள் நம் பேச்சுக்கு நடுவே "ஹை, ஹை" என்று தலையாட்டுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கதை கேட்கும்போது நாம் உம் கொட்டுகிறோமே, அதுதான் அது. மறுப்பு வேறு மாதிரி வரும்: பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, "சோத்தோ..." என்று இழுத்து, பாதியில் நிறுத்திவிடுவார்கள். சோத்தோ என்றால் 'கொஞ்சம்'. அந்த மிச்சப் பாதிதான் "முடியாது". அதற்குமேல் வற்புறுத்துவது அநாகரிகம்.

கைகூப்பி வணங்குவதும் பொருந்தாது. அங்கே கை கூப்புவது சாப்பிடும் முன்னும், கோயிலிலும், கெஞ்சும்போதும். ஆளைப் பார்த்து வணங்க, முதுகு நேராக, இடுப்பிலிருந்து 15 பாகை குனிந்தால் சாதாரண மரியாதை. 30 என்றால் வாடிக்கையாளருக்கு. 45 மன்னிப்புக்கோ ஆழ்ந்த நன்றிக்கோ. கும்பிட்டுக்கொண்டே குனிகிற கலவைதான் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

கல்லாவில் வலது கையால் பணம் நீட்டுவதும் தேவையில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதில் வையுங்கள். டிப்ஸ் வழக்கமில்லை, மேசையில் சில்லறை விட்டால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரைக்கும் ஓடிவந்து தருவார்கள்.

சாப்பாட்டு மேசையில் விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாதவை இரண்டு. சோற்றில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது, தகனத்துக்குப் பிறகு எலும்பு பொறுக்குவதை நினைவூட்டும்.

எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். சைதாமா மாகாணத்தில் 2021 அக்டோபரிலிருந்து, ஏறி நடக்காமல் நின்றே போக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. மீறினால் அபராதம் கிடையாது. எந்த ஊரானாலும் முன்னால் நிற்பவர் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.